ஜனாப் பஸ்லுல் ஹக்: கடனாளிகளின் காவலர்

வங்கச் சிங்கம் என்று பேர்பெற்ற மர்ஹூம் பஸ்லுல் ஹக் சாஹிப் அவர்கள் 1873-ம் வருஷம் பாக்கர்கஞ்ச் ஜில்லா சாத்துரியா கிராமத்தில் பிறந்தார்கள். கல்கத்தாவில் பெரிய வக்கீலாயிருந்தும் குடியானவர்களை அவர்கள் மறக்கவில்லை.

அக்குடியானவர்கள் நிலத்தை ஈடு வைத்துக் கடன் வாங்கிப் பிழைத்தவர்கள். 1930-ஐ ஒட்டிச் சணல் விலை விழுந்தது. வட்டி ஏறிற்று. கோர்ட்டு டிக்ரியும் ஏலமும் வாசலுக்கு வந்தன.

1935-ல் கடனாளிகளுக்கென ஒரு சட்டம் பிறந்தது. 1937-ல் மாகாணப் பிரதம மந்திரியான ஹக் சாஹிப், அதன்படி கடன் சமரச போர்டுகளை நாடெங்கும் பரப்பினார்கள். கடனாளி மனுச் செய்து, போர்டு நோட்டீஸ் விட்டால் கோர்ட்டு நடவடிக்கை நிற்கும். இரு தரப்பையும் விசாரித்துத் தவணை போடுவார்கள். 1940-ல் வந்த லேவாதேவிச் சட்டம் வட்டிக்கும் வரம்பு கட்டிற்று.

ஆனால் லேவாதேவிக்காரர் பலர் கையை மூடிக்கொண்டனர். கடன் கிடைக்காதவன் நிலத்தையே விற்றான். ஹக் சாஹிப் பதவி விலகிய 1943-ம் வருஷத்துப் பஞ்சத்தில் ஏராளமான ஏழைகள் அப்படி நிலமிழந்தார்கள். அன்னார் 1962-ல் டாக்காவில் காலமானார்கள்.

ஹுத்தான் மெலிந்தாங்கில் கடை வைத்திருக்கும் நமக்குப் பற்று எழுதவும் தெரியும். ஊர் வீட்டை ஈடு வைத்த கவலையும் தெரியும். ஏலத்தை நிறுத்தச் சட்டம் போதும். அரிசி வாங்க வட்டியில்லாக் கைமாற்று வேண்டுமே! அதற்கொரு நிதியைச் சகோதரர்கள் கூடி யோசிப்போமாக.