ஒரு பல்லுக்காக வாழ்க்கையையே கொடுத்த டாக்டர்.. யார் இந்த கிடியன் மாண்டெல்?

டைனோசர்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது, வாயைப் பிளந்துக்கிட்டு துரத்தும் டி-ரெக்ஸ்தான். ஆனா இலை, தழை மட்டுமே தின்று வாழ்ந்த ராட்சத டைனோசர்களும் உண்டு. அதில் முதன்முதலா பெயர் வாங்கியது இகுவானோடான். அதை உலகத்துக்குச் சொன்னவர் பேராசிரியர் இல்லை, ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்த்த ஒரு டாக்டர்.

பாறை பொறுக்கிய சிறுவன்

கிடியன் மாண்டெல் 1790-ல் இங்கிலாந்தின் லூயிஸ் நகரில் பிறந்தார். அப்பா செருப்பு தைக்கும் தொழில் செய்தவர். ஊரைச் சுற்றி சுண்ணாம்புக் குன்றுகள். அதில் சுருண்டு கிடக்கும் அம்மோனைட் புதைபடிவங்களைத் தேடிச் சேர்ப்பதுதான் சின்ன வயசிலேயே அவருக்குப் பித்து. பிறகு மருத்துவம் படித்து, சொந்த ஊரிலேயே டாக்டர் ஆனார். பிரசவம் பார்த்து, காய்ச்சலுக்கு மருந்து கொடுத்த நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் எலும்புகளோடுதான்.

பல் யாருடையது?

1820-களின் தொடக்கத்தில், கக்ஃபீல்டு பகுதியில் கிடைத்த சில பெரிய பற்கள் அவர் கைக்கு வந்தன. முதல் பல்லை மனைவி மேரி ஆன் சாலையோரம் கண்டெடுத்தார்னு ஒரு கதை உண்டு. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

தாவரத்தை அரைத்து அரைத்துத் தேய்ந்த பற்கள் அவை. ஆனா கிடைத்த பாறையோ ஊர்வன ஆண்ட காலத்தது. பிரான்ஸின் பிரபல விஞ்ஞானி குவியேவிடம் காட்டியபோது, காண்டாமிருகப் பல் என்று சொல்லிவிட்டார்.

மாண்டெல் விடவில்லை. லண்டன் அறுவை மருத்துவக் கல்லூரியின் அருங்காட்சியகத்தில் இருந்த இகுவானா என்ற பல்லியின் பல்லோடு ஒப்பிட்டார். அதே வடிவம், அளவு மட்டும் பல மடங்கு பெரிசு! குவியேவும் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். 1825-ல் இகுவானோடான் என்ற பெயர் வந்தது. இகுவானாவின் பல் என்பதுதான் அதன் பொருள்.

எல்லாம் சரியாக அமையவில்லை. கூரான ஒரு எலும்பை மூக்குக் கொம்பு என்று நினைத்தார். 1878-ல் பெல்ஜியம் நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகுதான், அது கட்டைவிரல் முள் என்று தெரிந்தது.

கொடுத்த விலை

1833-ல் பிரைட்டன் நகருக்குக் குடிபோனார். வீடே அருங்காட்சியகமாக மாறியது. பார்வையாளர்கள் வந்தார்கள், நோயாளிகள் குறைந்தார்கள். கடைசியில் தன் சேகரிப்பை 4,000 பவுண்டுக்கு பிரிட்டிஷ் மியூசியத்துக்கு விற்க வேண்டியதாயிற்று. 1839-ல் மனைவி பிரிந்து போனார். 1841-ல் குதிரை வண்டி விபத்தில் முதுகெலும்பு பாதித்தது. அதன்பின் வலி தாங்க அபின்தான் துணை.

1842-ல் டைனோசர் என்ற குழுவுக்குப் பெயர் வைத்தவர் ரிச்சர்ட் ஓவன். அதற்கு அவர் அடிப்படையாகக் கொண்ட 3 விலங்குகளில் 2 மாண்டெல் பெயரிட்டவை. ஆனா புகழ் ஓவனுக்குப் போனது.

வலியோடு ஒரு கண்டுபிடிப்பு

அப்பவும் மாண்டெல் ஓயவில்லை. 4 அடிக்கும் மேல் நீளமான ஒரு மேற்கை எலும்பை ஆராய்ந்து, 1850-ல் பெலோரோசாரஸ் என்று பெயரிட்டார். எலும்புக்குள் மஜ்ஜைக்கான குழி இருந்ததால், இது கடலில் நீந்திய விலங்கு இல்லை, தரையில் நடந்தது என்று சொன்னார். குழந்தைகள் ஆசையா வரையும் நீண்ட கழுத்து டைனோசர் வகையைச் சேர்ந்தது அது.

1852-ல், அளவு மீறிய அபினால் மாண்டெல் இறந்தார். வளைந்துபோன அவரது முதுகெலும்பின் ஒரு பகுதி லண்டனில் காட்சிப்பொருளாகப் பாதுகாக்கப்பட்டது. எங்கே தெரியுமா? இகுவானா பல்லை அவர் பார்த்த அதே அருங்காட்சியகத்தில்.