உழவன் மகன் எழுதிய இலக்கணம்

ஆங்கில வினைச்சொற்களின் காலங்களையும் இடங்களையும் மனனஞ் செய்யும்போது, இதனால் ஆவதென்ன என்று சலித்துக்கொள்ளாத மாணாக்கர் மிகச் சிலரே. பரீட்சையிற் புள்ளி பெறுவதன்றிப் பிறிதொரு பயன் இதற்கில்லை என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் தவறென்பதைத் தம் வாழ்வினாலே காட்டிய ஒருவர் வில்லியம் கொபெற்.

இவர் 1763 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பார்னம் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஒரு சிறு கமக்காரர். வயலிற் பறவை விரட்டுதலே இளமையில் இவருக்கு வாய்த்த தொழில். முறையான பள்ளிப் படிப்பு வாய்க்கவில்லை. 1784 இல் படையிற் சேர்ந்தார். நாட்சம்பளம் 6 பென்னி. கேணல் ஒருவருடைய கடிதங்களைப் படியெடுக்கும் வேலை கிடைத்தது. கையெழுத்து அழகாயிருந்தது, இலக்கணமோ பிழைபட்டிருந்தது. அக்கேணல் கூறிய புத்திமதியை ஏற்று, லௌத் என்பார் இயற்றிய ஆங்கில இலக்கணத்தை வாங்கி, முழுவதையும் பன்முறை எழுதி, நெட்டுருச் செய்தார். காவலில் நிற்குந்தோறும் அதனைத் தமக்குள்ளே ஒப்புவித்துக்கொண்டார். படுக்கையின் ஓரமே இவருக்கு ஆசனம். மடிமீது வைத்த பலகையே மேசை. மாரிக்கால இரவில் அடுப்புத் தீயே விளக்கு. தாளும் பேனாவும் வாங்குதற்காக அரைவயிறு உண்டார். மறுநாள் மீன் வாங்கவெனச் சேமித்த அரைப் பென்னி தொலைந்தபோது, போர்வைக்குள் தலையை மறைத்துக் குழந்தைபோல் அழுதார்.

அந்தக் கல்வி வீண்போகவில்லை. கனடாப் பகுதியிலே படைப்பிரிவின் எழுத்து வேலைகளெல்லாம் இவர் கைக்கு வந்தன; பதவியும் உயர்ந்தது. பின்னர்ப் பிலடெல்பியா நகரிலே பிரெஞ்சு அகதிகளுக்கு ஆங்கிலங் கற்பித்தார். தாய்நாடு மீண்டு, 1802 இல் கிழமைப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். படைவீரர் சிலர் கசையடி பெற்றதைக் கண்டித்து எழுதியமைக்காக, 1810 இல் 2 ஆண்டுச் சிறையும் 1,000 பவுண் தண்டமும் பெற்றார். 1817 இல் அரசு மீண்டும் கைதுசெய்யக்கூடுமென அஞ்சி அமெரிக்கா சென்றார். அங்கே, லோங் தீவில் வாழ்ந்த நாளில், தம் மகன் ஜேம்சுக்கு எழுதிய கடிதங்களாக அமைந்ததே இவருடைய ஆங்கில இலக்கணம். 1818 இல் வெளிவந்த அந்நூல் போர்வீரர், கப்பலோட்டிகள், தொழில் பயில்வோர், ஏர் பிடிக்குஞ் சிறுவர் ஆகியோரை நோக்கி எழுதப்பட்டது.

அந்நூலில் வினைச்சொல்லுக்குச் சிறப்பிடம் உண்டு. தமிழிலே வந்தான், வந்தாள், வந்தது என வினைமுற்றே எழுவாயை உணர்த்திவிடும். ஆங்கிலத்திலோ இம்மூன்றுக்கும் கேம் என்னும் ஒரே சொல் அமையும். எழுவாய்க்கேற்ப வினை மாறும் இடங்கள் சிலவே. ஆதலாற் பிழையும் எளிதில் நேரும். பெட்டிகளின் திறப்பு என்பதிலே திறப்பே எழுவாய்; தமிழில் அது வினையை அடுத்து நிற்கும். ஆங்கிலத்தில் அது முன்னே போய்விட, பெட்டிகள் வினையருகே வந்துவிடும். அருகிலுள்ளதைப் பார்த்துப் பன்மை வினை இடுதல் பெரும்பிழை. எழுவாயைத் தேடிக் கண்டபின்னரே வினையை இடவேண்டுமென்பது கொபெற் வற்புறுத்திய பாடம். கூட்டப் பெயர்களுக்கு ஒருமை வினையோ பன்மை வினையோ கொள்ளலாம். ஆயின் ஒரு வாக்கியத்தில் இரண்டையுங் கலத்தலாகாது என்றும் விதித்தார். இதற்குக் காட்டிய உதாரண வரிசையிலே பாராளுமன்றத்தையும் கள்வர் குகையையும் ஒருங்கே வைத்தமை அவருடைய குறும்பு!

குறும்பின் பின்னே ஒரு கருத்து இருந்தது. ஏழைகளின் விண்ணப்பங்கள் மொழி தகாதென்று தள்ளப்பட்ட காலம் அது. எனவே கொபெற், அரசருரையிலுள்ள பிழைகளைத் தம் நூலில் எடுத்துக் காட்டினார். 1823 ஆம் ஆண்டுப் பதிப்பிலே காசில்றே, வெலிங்டன் முதலிய பெரியாரின் எழுத்துக்களையும் ஆராய்ந்து, அரசியலாளர்க்கென ஆறு பாடங்களைச் சேர்த்தார். இலக்கணம் பிறப்பால் வருவதன்று, உழைப்பால் வருவது என்பதை ஏர் பிடிக்குஞ் சிறுவனும் அதனாற் கண்டுகொண்டான்.

கொபெற் குறையற்றவரல்லர். யூதர் முதலிய சில மக்களைப் பற்றி அவர் எழுதியவை வெறுக்கத்தக்கன. எனினும், தாம் அரிதிற் பெற்ற கல்வியைத் தம்மோடொத்த ஏழைகளுக்கு மலிவாக வழங்கிய பெருமை அவரைச் சாரும். 1832 இல் ஓல்டம் தொகுதியின் உறுப்பினராக, தாம் கேலி செய்த அதே பாராளுமன்றத்தினுட் புகுந்தார். 1835 இல் மறைந்து, பிறந்த ஊரிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார்.

இன்று மின்விளக்கின் கீழ் இலக்கணம் பயிலும் மாணவச் செல்வர்கள், அடுப்பொளியில் அதனைப் பயின்ற அவ்வீரனை ஒருகாற் சிந்திப்பார்களாக. ஒரு வாக்கியத்தில் யார், எதனைச் செய்தார் என்று பிரித்தறியக் கற்றவனை, எத்துணைப் பெரியவர் எழுத்தும் எளிதில் ஏமாற்றிவிட முடியாது.