அக்காவுக்குக் கண்ணாக இருந்த தங்கை

ஒரு சின்ன டெஸ்ட். உங்க ரூம்மேட்டை கண்ணை மூடிக்கச் சொல்லிட்டு, ஜன்னலுக்கு வெளியே தெரியறதையெல்லாம் அஞ்சு நிமிஷம் சொல்லிப் பாருங்க. ரெண்டாவது நிமிஷத்துலயே வார்த்தை தீர்ந்துடும். இதைத் தினமும் செய்தவர் லாரா இங்கால்ஸ் வைல்டர். அப்போ அவருக்கு வயசு 12.

1867-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பிறந்தவர் லாரா. அக்கா மேரி ரெண்டு வயசு மூத்தவர். 1879-ல் மினசோட்டாவில் இருந்தபோது மேரிக்குக் கடுமையான காய்ச்சல். 14 வயதில் பார்வை முழுசா போயிடுச்சு. அன்றிலிருந்து வானத்தின் நிறம், புல்வெளி, ரயில் பயணம் என்று பார்த்ததையெல்லாம் லாரா அக்காவுக்கு வார்த்தையாக்கிச் சொன்னார்.

இதை ஒரு சோகக் கதைன்னு நினைச்சுடாதீங்க. 1881-ல் மேரி அயோவாவில் இருந்த பார்வையற்றோர் கல்லூரிக்குப் போனார். பாடங்களோடு இசையும் கைத்தொழிலும் கற்று, 1889-ல் படிப்பை முடித்தார். பிறகு வீட்டிலிருந்தே, குதிரைகளை ஈ கடிக்காமல் இருக்கப் போடும் வலைகளைப் பின்னிச் சம்பாதித்தார். லாராவோ சின்ன வயதிலேயே டீச்சர் ஆனார். அது அவருக்கு அவ்வளவா பிடிக்காத வேலை. ஆனா வீட்டுக்குப் பணம் தேவைப்பட்டது.

லாராவின் முதல் நாவல் 1932-ல் வந்தது. அப்போ அவருக்கு வயசு 65! அடுத்த 11 வருஷத்தில், தன் குடும்பக் கதையையே சிறுவர் நாவல் வரிசையாக எழுதி முடித்தார். 1939-ல் வந்த ஐந்தாவது புத்தகத்தில் மேரிக்குப் பார்வை போகிறது. குழந்தைகள் படிக்கிற கதையாச்சே என்று லாரா அதை மறைக்கவில்லை. அந்த நாவல்களில் மேரி பாவப்பட்ட பெண்ணும் இல்லை, லாரா தியாகியும் இல்லை. அக்காவைப் பார்த்துப் பொறாமைப்படுற, சண்டை போடுற, பிறகு அவளுக்காக ஓடுற சாதாரணத் தங்கைதான்.

ஒண்ணு மட்டும் மனசை உறுத்துது. மேரி 1928-லேயே இறந்துட்டார். யாருக்காக லாரா அப்படிச் சொல்லிப் பழகினாரோ, அவருக்கு ஒரு புத்தகம்கூடக் கிடைக்கவில்லை. 1957-ல், 90 வயதில் லாராவும் போய்ச் சேர்ந்தார்.

எழுத்துப் பயிற்சிக்கு இன்னைக்கு எவ்வளவோ கோர்ஸ் இருக்கு. லாராவுக்குக் கிடைத்த ஒரு பயிற்சி இது: பார்க்க முடியாத அக்காவுக்குப் புரியும்படி சொல்வது. இன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு போன் பண்ணும்போது, "சாப்டேன், தூங்கப் போறேன்"னு முடிக்காம, பார்த்த ஒரு விஷயத்தை அண்ணன்கிட்டயோ தங்கச்சிகிட்டயோ முழுசா சொல்லிப் பாருங்களேன்.