கடற்காவலர் வாக்கர்

போர்க்களத்தில் நின்று பகைவரை வென்றோரைப் புகழ்தல் எந்நாட்டார்க்கும் இயல்பு. ஆயின், படைக்கலமில்லாப் பிறரை வழியிற் காத்துக் கரைசேர்த்தலையே தம் போர்த்தொழிலாகக் கொண்டோரை உலகம் எளிதில் நினைப்பதில்லை. அத்தொழிலில் தலைசிறந்து விளங்கிய பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் பிரெடெரிக் ஜான் வாக்கர் என்பாரது வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இவர் 1896-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் இங்கிலாந்தின் பிளிமத் நகரிற் பிறந்தார். 1909-இல் இளஞ்சிறுவராகவே கடற்படைப் பயிற்சியிற் சேர்ந்தார். முதல் உலகப் போரின்போது நாசகாரிக் கப்பல்களிற் பணியாற்றினார். அப்போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் உணவேற்றி வந்த வணிகக் கப்பல்களைத் தகர்த்து, பிரிட்டனைப் பெருந்துன்பத்திற்கு உள்ளாக்கின. போர் முடிந்தபின், நீர்மூழ்கிகளை எதிர்க்கும் கலையையே வாக்கர் தமக்குரியதாகத் தேர்ந்து பயின்றார். பெரும் பீரங்கிக் கப்பல்களையே மேலாக மதித்த அந்நாளில், இக்கலைக்குச் சிறப்புக் குறைவு. 1938-இல் அவர்க்குரிய காப்டன் பதவி உயர்வு மறுக்கப்பட்டது. எனினும் தாம் மேற்கொண்ட கலையை அவர் கைவிட்டாரல்லர்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1940-இல் டன்கர்க் கரையினின்று படைகள் மீட்கப்பட்டபோது, அவர் டோவர் துறைமுகத்தில் அலுவலராய் இருந்தார். 1941-இன் இறுதியிலேதான் ஸ்டார்க் என்னும் காவற்கப்பலும், 36-ஆவது காவற்குழுவின் தலைமையும் அவரை அடைந்தன. அவ்வாண்டு டிசம்பரில், ஜிப்ரால்டரினின்று பிரிட்டன் நோக்கிப் புறப்பட்ட 32 வணிகக் கப்பல்களைக் காக்கும் பொறுப்பு அவரதாயிற்று. பகைவர் பல நாள் தொடர்ந்து தாக்கினர். வணிகக் கப்பல் இரண்டும், ஸ்டான்லி என்னும் நாசகாரியும், ஒடாசிட்டி என்னும் சிறு விமானந்தாங்கியும் மூழ்கின. பகைவர்தம் நீர்மூழ்கிகளோ ஐந்து அழிந்தன. அவற்றுள் ஒன்றை ஸ்டார்க் தன் முகப்பாலேயே மோதிச் சிதைத்தது. மறுக்கப்பட்ட காப்டன் பதவி, 1942-இல் அவரைத் தேடி வந்தது.

அவர் வகுத்த போர்முறை ஒன்று இங்குக் குறிக்கத்தக்கது. ஆஸ்டிக் என்னும் கருவி நீருள் ஒலியைச் செலுத்தி, நீர்மூழ்கியிற் பட்டு மீளும் எதிரொலியால் அதன் இருப்பிடத்தை உணர்த்தும். கப்பல் மிக நெருங்கியவுடன் எதிரொலி மறைந்துவிடும். விரைந்து வரும் கப்பலின் ஓசை கேட்டு நீர்மூழ்கியும் விலகித் தப்பும். ஆதலின் வாக்கர், ஒரு கப்பலைத் தொலைவில் நிறுத்தி எதிரொலியைக் கவனிக்கச் செய்தார். மற்றொன்றைத் தன் கருவியை அடக்கி, மெல்ல ஊர்ந்து சென்று, முன்னதன் குறிப்பின்படி ஆழ்குண்டுகளை இடச் செய்தார். விரைவினும் பொறுமையே அவர்க்குப் பெரும்படைக்கலம் ஆயிற்று.

1943-இல் ஸ்டார்லிங் என்னும் கப்பலில் அமர்ந்து, இரண்டாம் துணைக்குழுவை நடத்தலானார். ஜூன் தொடக்கத்தில், யு-202 என்னும் நீர்மூழ்கியை ஏறத்தாழப் பதினைந்து மணி நேரம் விடாது தொடர்ந்து, அது மேலெழுந்தபோது வீழ்த்தினார்.

ஆனால் அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் அவர்க்குப் பெருந்துயர் நேர்ந்தது. அவர்தம் மைந்தர் திமதி பணிபுரிந்த பார்த்தியன் என்னும் கப்பல், மத்தியதரைக் கடற்பகுதியினின்று மீளவில்லை. அதுவும் ஒரு நீர்மூழ்கியே! நீர்மூழ்கியை வேட்டையாடும் தந்தை, நீர்மூழ்கியிலேயே மகனை இழந்தார். இதனினும் கொடிய ஊழ் யாதுளது? இதன்பின்னும் அவர் தம் பணியினின்று விலகினாரல்லர்.

1944 ஜனவரி, பிப்ரவரித் திங்களில், ஒரே கடற்பயணத்தில் அவர் குழு ஆறு நீர்மூழ்கிகளை அழித்தது. அவற்றுள் இறுதியதாகிய யு-264 மூழ்கியபோது, அதனுள் இருந்த 52 பேரும் உயிருடன் மீட்கப்பட்டனர். மகனைக் கடலுக்குக் கொடுத்த தந்தையின் கப்பல்கள், பகைவர்தம் மைந்தரைக் கடலினின்று எடுத்தன என்பதை எண்ணுந்தோறும் நம் நெஞ்சம் உருகுகின்றது.

அவ்வாண்டு ஜூனில், நார்மண்டிக் கரையிற் படைகள் இறங்கியபோது, கடல்வழியைக் காக்கும் பணியில் வாக்கர் ஓய்வின்றி உழைத்தார். ஜூலை 9-ஆம் நாள், மூளைக் குருதிக்குழாயில் ஏற்பட்ட உறைவால், நாற்பத்தெட்டாம் வயதில் உயிர் நீத்தார். லிவர்பூல் பேராலயத்தில் வழிபாடு நிகழ்ந்தபின், ஹெஸ்பெரஸ் என்னும் நாசகாரி அவர் உடலை ஏற்றிச் சென்று கடலில் அடக்கம் செய்தது. அவர்தம் கப்பல்கள் அன்று காவற்பணி மேற்கொண்டு கடலிலேயே இருந்தன. தலைவனுக்கு அதனினும் தக்க மரியாதை வேறொன்றில்லை என்பது எம் கருத்து.

1998-இல் லிவர்பூல் துறையில் அவர்க்குச் சிலை நிறுவப்பட்டது. தேர்விலும் பதவியிலும் முந்தாதபோது மனம் உடையும் மாணவராகிய நாம், பிறர் மதியாத கலையைப் பல்லாண்டு பயின்று, வேண்டும்போது அதனால் பிறர் உயிர் காத்த இவரை நினைவிற்கொள்வோமாக.