சீகன்பால்கு ஐயரும் கடுதாசியும்

நூலொன்றைக் கையிலெடுப்போர் அதனை இயற்றியவரை நினைப்பர். சிலர் அச்சிட்டவரையும் நினைப்பர். எழுத்தனைத்தையும் தாங்கிநிற்கும் கடுதாசியை நினைப்பார் மிகச் சிலரே. அக்கடுதாசியின் பொருட்டுப் பெருங்கவலையுற்ற பெரியார் ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பர்த்தலோமேயு சீகன்பால்கு ஐயர் 1682-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்துச் சாக்சனி நாட்டிலுள்ள புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்த இவர், ஹாலே நகரிற் கல்வி பயின்றார். டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடெரிக்கின் ஆணைப்படி, புளூட்சோ ஐயருடன் 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். சிறுவரோடு சிறுவராய் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தொகுத்து, 1708-இல் அவற்றிற்கு ஓர் அட்டவணையும் வரைந்தார். அங்கிருந்த டேனியத் தலைவரின் பகையால் நான்கு திங்கள் சிறையிலுமிருந்தார். ஆயினும், 1708-இல் தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை 1711-இல் முடித்தார்.

முடித்த நூலை மக்களிடம் சேர்ப்பது எங்ஙனம்? எழுத்தாணி கொண்டு ஓலையிற் பிரதி செய்வது காலமும் பொருளும் மிக வேண்டுவது. குறுகிய பனையோலையோ அச்சுப்பொறிக்கு ஏலாதது. 1578-இலேயே கொல்லத்தில் தமிழ் அச்சேறியிருந்தது. எனினும் ஐயர் காலத்தில் அம்முயற்சி தொடர்பற்றுப் போயிருந்தது. ஆதலின் இவர் ஐரோப்பாவின் உதவியை நாடினார். இலண்டன் நகரத்துக் கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தார் அச்சுப்பொறி ஒன்றை அனுப்பினர். அதனை ஏற்றிவந்த கப்பல் வழியிற் பிரெஞ்சுக்காரர் கையில் அகப்பட்டு மீண்டது. உடன்வந்த அச்சுத் தொழிலாளரோ வழியிலேயே மரித்தார். பொறி மட்டும் 1712-இல் வந்து சேர்ந்தது. தமிழெழுத்துக்கள் ஹாலேயில் வார்க்கப்பட்டு 1713-இல் வந்தன.

பொறியும் எழுத்தும் வந்தபின் வேறோர் இடர் தோன்றிற்று. அவ்வெழுத்துக்கள் மிகப் பெரியன. ஒரு பக்கத்தில் அடங்கவேண்டியது பல பக்கங்களாய் விரிந்தது. கடுதாசியோ கடல் கடந்து வரவேண்டிய அரும்பொருள். அவ்வெழுத்தைக் கொண்டே முழுநூலையும் அச்சிடப் புகுந்தால், கைவசமுள்ள கடுதாசி போதாது; மூன்றாண்டு உழைப்பு அரைகுறையாய் நின்றுவிடும். அப்பொழுது அவர்கள் கடுதாசிக்கேற்ப எழுத்தை மாற்றத் துணிந்தனர். ஆட்லர் என்னும் தொழிலாளர் சிற்றெழுத்துக்களை வார்த்தார். அதற்கு வேண்டிய ஈயம், இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்துவந்த பெட்டிகளின் ஈயத்தகட்டிலிருந்து கிடைத்தது. நற்செய்தி நூல்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714-இலும், புதிய ஏற்பாடு முழுவதும் 1715-இலும் வெளிவந்தன. கடுதாசி இங்கேயே கிடைக்கவேண்டுமென்று, அண்மையிலுள்ள பொறையாற்றில் அதனைச் செய்யும் ஆலையும் ஏற்பட்டது. ஆலை மறைந்தும், கடுதாசிப்பட்டறை என்னும் பெயர் அவ்விடத்திற்கு நிலைத்தது.

ஐயர் 1719 பிப்ரவரி 23-ஆம் நாள் தம் முப்பத்தாறாம் வயதிற் காலமானார். பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு ரூத்து ஆகமம் வரையில் வந்து நின்றது. எஞ்சியதைச் சூல்ட்சே ஐயர் முடித்தார். தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே இவர் அடக்கம் பெற்றார்.

இச்சரிதம் நமக்கும் பயன்படுவதொன்று. இன்று நம் கட்டுரைகளை லேசர் அச்சுப்பொறி நொடியில் அச்சிட்டுத் தருகின்றது. எனினும் கருவியும் கடுதாசியும் ஒன்றற்கொன்று இயையவேண்டும் என்னும் விதி மாறவில்லை. அன்றைய கைப்பொறிக்குக் கடுதாசியைச் சற்று நனைத்து இடுவர். இன்றைய பொறிக்கோ ஈரம் பகை. ஈரமேறிய தாள் சுருண்டு உள்ளே சிக்கும். ஆதலின் வேண்டும் வரை உறையைப் பிரியாதிருத்தல் நன்று. இப்பொறி மைத்தூளை ஏறத்தாழ 200 பாகை வெப்பத்தால் உருக்கித் தாளிற் பதிக்கின்றது. ஆகவே இங்க்ஜெட் பொறிக்கென மேற்பூச்சிட்ட பளபளப்புத் தாளை இதிலிட்டால், அப்பூச்சு உருகி உருளையில் ஒட்டும். சான்றிதழுக்குரிய தடித்த தாளையிடும்போது அதன் வகையைப் பொறிக்கு முன்னரே அறிவிக்கவேண்டும். அன்றேல் வெப்பம் போதாமல் எழுத்து உதிரும்.

இவை சிறு காரியங்களே. ஆயினும் சிறு காரியமென்று ஐயர் கடுதாசியைப் புறக்கணித்திருந்தால், அவருடைய பெருங்காரியம் முற்றுப்பெற்றிராது என்பதை நாம் மறவாதிருப்போமாக.