அக்கியின் உறைவிடம் கண்ட அறிஞர்: ஸர் ஹென்றி ஹெட்

பழனியைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் நம் நாட்டின் பிற இடங்களிலும், அக்கி கண்டவரைக் குயவரிடம் அழைத்துச் சென்று காவி குழைத்து எழுதுவிப்பது தொன்றுதொட்ட வழக்கம். அந்நோய் உடலின் ஒருபுறத்தே மட்டும் கச்சைபோற் படர்வதைக் கண்ணுற்றோர் பலர். காரணத்தை ஆராய்ந்தோர் சிலரே. அச்சிலருள் தலைசிறந்தவரான ஸர் ஹென்றி ஹெட் என்னும் ஆங்கில மருத்துவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இவர் 1861-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் இலண்டனில், குவேக்கர் சமயக் குடும்பமொன்றிற் பிறந்தார். கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியிற் கற்று, பிராக் நகரில் உடலியல் பயின்று, தாயகம் மீண்டு மருத்துவரானார். உள்ளுறுப்பு நோயுற்றால் தோலில் எங்கெங்கே வலி தோன்றும் என ஆராயப் புகுந்த இவருக்கு, அக்கி படரும் எல்லைகள் வழிகாட்டின. 1900-இல் காம்ப்பெல் என்பாருடன் கூடி, அக்கி கண்டு பின்னர் இறந்த 21 பேரின் உடல்களைச் சோதித்து முடிவை வெளியிட்டார். தோலில் தீயென எரியும் நோயின் இருப்பிடம் தோலன்று. முதுகுத் தண்டின் மருங்கேயுள்ள நரம்பு முடிச்சே என்பது தெளிவாயிற்று. ஒவ்வொரு முடிச்சுக்கும் தோலில் ஒரு பகுதி உரியது. பழுதுற்ற முடிச்சின் எல்லையளவே அக்கி படர்கின்றது.

தோலின் உணர்ச்சியை ஆராயப் பிறர் சொல் போதாதெனக் கருதிய இவர், 1903-இல் தம் இடக்கை நரம்பையே அறுவித்துக்கொண்டார். நீலகிரித் தோடரைப் பற்றி நூலெழுதிய ரிவர்ஸ் என்பார், அக்கையில் உணர்ச்சி மீளும் வகையைப் பல்லாண்டு சோதித்தார். நரம்பு நோய்களை ஆராய்ந்த இவ்வறிஞரையே நடுக்குவாதம் பற்றியது. அதனால் நெடுநாள் தளர்ந்து, 1940-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் மறைந்தார்.

அவர் காட்டிய வழியிற் பின்வந்தோர் மேலும் கண்டனர். சின்னம்மை இறங்கினாலும் அதன் வைரஸ் அழிவதில்லை; அந்நரம்பு முடிச்சுகளிற் பல்லாண்டு உறங்கிக் கிடந்து, முதுமையிலோ எதிர்ப்பாற்றல் குன்றியபோதோ விழித்து, நரம்பின் வழியே தோலை அடைந்து அக்கியாகின்றது. உதட்டிற் கொப்புளம் விளைக்கும் அதன் இனத்ததும் முகத்து நரம்பு முடிச்சில் இவ்வாறே ஒளிந்துறைகின்றது.

வேர் உள்ளே இருக்க, மேலே பூசும் காவி அதனை எட்டுமோ? கொப்புளம் எழுந்த மூன்று நாட்களுக்குள் மருந்து தொடங்குதல் நலம். கண்ணருகே எழுந்தாற் பார்வைக்கே கேடு வரக்கூடுமாதலின் ஒரு நாளும் தாழ்த்தலாகாது. மாணவ நண்பர்கள் தத்தம் ஊர்களில் இதனை எடுத்துரைப்பாராயின், தம் கையையே ஆராய்ச்சிக்கு ஈந்த அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.