நாள் குறித்த வித்துவான்

மத்திய கிழக்கில் போர்ச் செய்தி வந்த மறுநாளே எம்மவர் கைத்தொலைபேசிகளில் கடைசிக்காலக் கணக்குகள் சுற்றத் தொடங்கிவிடும். ரொக்ஸ்பரோவில் இருந்தாலும் யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் இதில் வேறுபாடில்லை. தானியேலின் வாரங்கள், வெளிப்படுத்தின விசேஷத்தின் எண்கள், இஸ்ரேலின் எல்லைகள் எல்லாம் கூட்டிக் கழிக்கப்பட்டு ஓர் ஆண்டு வந்து நிற்கும். இப்படி நாள் குறித்து, அந்த நாளையும் கண்ணால் கண்ட ஒரு தமிழரின் வாழ்க்கை இன்று நினைக்கத்தக்கது.

வித்துவான் குட்டி என்று கேரளம் அறிந்த அவர் 1835இல் ஒரு தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். சமஸ்கிருதத்திலும் கர்நாடக சங்கீதத்திலும் இளவயதிலேயே பெற்ற தேர்ச்சிதான் அவருக்கு அந்தப் பட்டப்பெயரைத் தேடிக்கொடுத்தது. வேதாகமத்தைப் படித்தபின் 1861இல் மாவேலிக்கரையில் மிஷனரி ஜோசப் பீற் அவர்களிடம் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்று யுஸ்துஸ் யோசேப்பு ஆனார். அக்காலத்தில் ஒரு பிராமணர் மதம் மாறுவதென்றால் உறவு, சொத்து, ஊர் எல்லாவற்றையும் இழப்பதாகும். பின்னர் அவர் சி.எம்.எஸ். மிஷனின் அங்கிலிக்கன் குருவானார். யாழ்ப்பாணத்தில் சுண்டுக்குளி பரி. யோவான் கல்லூரியை நிறுவியதும் இதே மிஷன்தான்.

1860இல் திருநெல்வேலிப் பக்கத்தில் ஜோன் கிறிஸ்டியன் அருளப்பனின் சபைகளில் ஓர் எழுப்புதல் தோன்றியது. 1873அளவில் அந்த அலை திருவிதாங்கூரை எட்டியது. பாவ அறிக்கை, கண்ணீர், தரிசனங்கள், கிறிஸ்துவின் வருகை பற்றிய தாகம் என்று ஊர்கள் கொதித்தன. யுஸ்துஸ் யோசேப்பு அதன் முன்னணியில் நின்றார். 1875இல், ஆறு ஆண்டுகளில் கிறிஸ்து வருவார் என்ற அறிவிப்பு அவரது வட்டத்திலிருந்து வந்தது. குறித்த நாள் 1881 ஒக்டோபர் 2. மிஷன் இதை ஏற்கவில்லை. அவர் விலகி, கருநாகப்பள்ளிக்கு அருகே கன்னேற்றியை மையமாக வைத்துத் தனிச்சபை அமைத்தார். சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல அவரோடு சென்றன.

அது உலகெங்கும் இத்தகைய கணக்குகள் பெருகிய நூற்றாண்டு. அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 ஒக்டோபர் 22 இரவு விழித்திருந்து ஏமாந்தார்கள். இஸ்ரேலுக்கு ஒரு திட்டம், திருச்சபைக்கு வேறொரு திட்டம் என்று பிரித்துப் போதித்த ஜோன் நெல்சன் டார்பி வாழ்ந்ததும் இதே காலம். 1948இல் இஸ்ரேல் நாடு உருவானதைத் தீர்க்கதரிசன நிறைவாகக் காண்பவர்கள் பெரும்பாலும் அவர் போதனை வழி வந்தவர்கள். இஸ்ரேலுக்குத் தந்த வாக்குறுதிகள் கிறிஸ்துவிலேயே நிறைவேறின என்று படிக்கும் பழைய மரபும் உண்டு. இரு தரப்புக்கும் பொதுவான வேதப் பகுதி ஒன்று இருக்கிறது: மத்தேயு 24ஆம் அதிகாரத்தில், அந்த நாளையும் நாழிகையையும் பிதாவைத் தவிர வேறொருவரும் அறியார் என்று இயேசுவே சொல்லிவிடுகிறார்.

ஒக்டோபர் 2 வந்தது, போனது. வானம் திறக்கவில்லை. பலர் பழைய சபைகளுக்குத் திரும்பினார்கள். ஆறு ஆண்டுகள் ஒரு நாளை நம்பி வாழ்ந்தவர்கள், தாம் பிரிந்து வந்த அயலவர் முன் மறுபடி போய் நிற்க வேண்டியிருந்தது. யுஸ்துஸ் யோசேப்போ திரும்பவில்லை. கிறிஸ்து ஆவியில் வந்துவிட்டார், புதிய யுகம் பிறந்துவிட்டது என்றார். பல மதங்களின் அடையாளங்களையும் ஒன்றுசேர்த்து யுயோமயம் என்ற பெயரில் தன் சபையை நடத்தினார். 1887இல் காலமானார்.

அவரை ஏமாற்றுக்காரர் என்று ஒதுக்குவது எளிது, ஆனால் நியாயமல்ல. நம்பிக்கைக்காக முதலில் தன் உறவையும் ஊரையும் இழந்தவர் அவர். அவருடைய தவறு வருகையை எதிர்பார்த்ததில் அல்ல, அதற்குத் திகதி போட்டதில்தான் இருந்தது. திகதி பொய்த்தபோது அதன் விலையைக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அவரை நம்பி வந்த சாதாரண குடும்பங்கள்.

அவர் இயற்றிய மலையாளக் கீர்த்தனைகளைக் கேரளத்துச் சபைகள் இன்றும் பாடுகின்றன. அவரைக் கண்டித்து விலகியவர்களின் வழிவந்தோரும் பாடுகிறார்கள். அந்தப் பாடல்களிலும் வருகைக்கான ஏக்கம் இருக்கிறது. திகதி இல்லை.